டீக்குப் போனவர்கள்

எங்கள் மன்றத்தில் யாரும் எதையும் எதிர்த்ததில்லை. டீ குடிக்கப் போவார்கள், அவ்வளவுதான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற ஆய்வு மன்றம் அது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு. ஒரு மாதம் இந்த ஊர், மறு மாதம் அந்த ஊர். யாராவது கட்டுரை வாசிப்பார்கள், யாராவது தூங்குவார்கள், கடைசியில் ஒன்றிரண்டு தீர்மானம் வரும். தீர்மானத்தை எழுதுவது என் வேலை. கவிதையிலும் சேராமல் கட்டுரையிலும் சேராமல் நான் எதையோ எழுதிக்கொண்டிருப்பவன். இவனிடம் கொடுத்தால் மொழி நன்றாக இருக்கும் என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள். அந்த வேலை என் தலையில் அப்படியே நின்றுவிட்டது.

நான் சேர்வதற்கு முன்னால் கை தூக்கச் சொல்லித்தான் ஓட்டெடுத்தார்களாம். தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. அவர் வராததற்கு இவர் அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகவில்லை. மன்றம் இரண்டாகப் பிளக்கப் பார்த்தபோது கை தூக்குவதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் வந்தது. தீர்மானம் பிடிக்காதவர் எழுந்து, "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று கீழே இறங்கிவிடுவார். மிச்சம் இருக்கிறவர்கள் கை தட்டுவார்கள். நாற்காலிகளில் ஐந்து பேராவது இருந்தால் போதும், தீர்மானம் நிறைவேறியதாகும். ஒருமனதாக என்று எழுதுவோம். அதில் பொய் இல்லை. அறைக்குள் இருந்தவர்களுக்கு ஒரே மனதுதான். வேறு மனது வைத்திருந்தவர் தெருவில் நின்று கிளாஸை ஊதிக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது எல்லாருக்கும் சேர்த்து வடை வாங்கி வருவார்.

தலைவர் மட்டும் டீக்குப் போவதில்லை. அப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே அது இருந்தது. எங்கள் தலைவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் நடந்து போனால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு அவர் பாடம் எடுத்திருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் கூடுவது ஒரு பழைய வாசகசாலையின் மாடி. கீழே பால்கோவாக் கடை. அடுப்பில் பால் சுண்டுகிற வாசனை மத்தியான நேரத்தில் படியேறி வந்து நாற்காலிகளில் உட்கார்ந்துகொள்ளும். எதிர்ச் சாரியில் பாய் ஒருவரின் டீக்கடை. அதன் பெஞ்சில்தான் அவன் உட்கார்ந்திருப்பான்.

அவன் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். கான்சாபுரத்துக்காரன். அண்ணாச்சியிடம் வரலாறும் என்னிடம் தமிழும் படித்தவன். எங்கள் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் பைக்கில் வந்துவிடுவான், ஆனால் மாடிக்கு வரமாட்டான். நிருபர்களை நாங்கள் மேலே விட்டதில்லை. அறிஞர்கள் மனம்விட்டுப் பேசுகிற இடம் என்பது காரணம். கூட்டம் முடிந்ததும் அண்ணாச்சி இறங்கி வந்து நான்கு வரி சொல்லுவார், அவன் எழுதிக்கொள்வான்.

ஆனால் அந்த நான்கு வரிக்கு முன்பே அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். டீக்கு யார் யார் இறங்குகிறார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை என்னிடம், "சார், இன்னைக்கு வணிகவியல் சாருக்கு இஷ்டமில்ல போலயே. ரெண்டு டீ குடிச்சாரு" என்றான். எங்கள் எதிர்ப்புகளையெல்லாம் படிக்கத் தெரிந்த ஒரே வாசகன் அவன். அதை ஒருநாளும் அச்சில் போட்டதில்லை. "அது உங்க குடும்ப விஷயம் சார்" என்பான்.

அந்தக் கோடையில் ராஜபாளையத்துக்கு ஒரு பெரிய தலைவர் வந்தார். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். பத்திரிகைக்காரர்களைப் பார்க்காதவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய ஆட்கள் கொடுக்கிற அட்டை உள்ளவர்கள் மட்டும் மேடைக்குப் பக்கத்தில் உட்காரலாம். அவர்களும் கேள்வி கேட்கக் கூடாது, படம் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் நிருபர்களை மைதானத்தின் கடைசியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், மூங்கில் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் பேச்சு கேட்காது. கேட்க வேண்டியதில்லை, பேச்சு அச்சடித்து வாட்ஸப்பில் வரும்.

தலைவர் காருக்குத் திரும்பி நடந்தபோது அவன் தடுப்புக்கு மேலாக எக்கி ஒரு கேள்வி கேட்டான். கான்சாபுரத்துக் கண்மாய் உடைந்து கிடக்கிறதே, அதை எப்போது கட்டுவீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. அவனுடைய அப்பாவின் வயலும் அந்தக் கண்மாய்க்குக் கீழேதான் காய்ந்து கிடந்தது. தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தள்ளியதில் கொடிக்கம்பத்தின் இரும்பு அவன் நெற்றியில் கிழித்தது. கழுத்திலிருந்த நிருபர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அன்றே அவன் பத்திரிகைக்குப் போன் போனது. உங்கள் ஆள் பாதுகாப்பை மீறி உள்ளே பாய்ந்தான் என்று. மதுரை அலுவலகத்தில் அவனுக்கு மேலே இருந்த செய்தி ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதை அவன் என்னிடம் அப்படியே சொன்னான்: "உனக்காக உங்க ஊர்ல யாராவது பேசுறாங்களாப்பா? ஒரு சங்கம், ஒரு மன்றம்? படிச்சவங்க நாலு பேரு இது தப்புன்னு ஒரு வரி சொன்னா, அதை வச்சு மேல பேசிப் பார்ப்பேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இல்லன்னா அட்டை திரும்ப வராது."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம்.

நான் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போனேன். சன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது. வெயிலில் வெளுத்து, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி மாதிரி. மில் வாசல்களில் பஞ்சு பறந்தது. என் பையில் தீர்மானத்தின் வரைவு இருந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. சீட் காலியாக இருந்தும் பாதி தூரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர், "ஏன் சார், சீட்டு குத்துதா?" என்றார்.

பாய் கடைப் பெஞ்சில் அவன் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியைச் சுற்றிக் கட்டு. சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். கழுத்தில் அட்டை தொங்கும் இடத்தில் கை அடிக்கடி போய்ப் போய் வந்தது.

"சாப்பிட்டியால?" என்றேன்.

"சாப்பிட்டேன் சார். சார்… பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு வரி போதும்."

"ஒரு வரி என்ன, ஒரு பக்கமே எழுதியிருக்கேன்."

"பக்கம் வேண்டாம் சார்" என்று சிரித்தான். "டெஸ்க்ல வெட்டிருவாங்க."

தீர்மானத்தை முன்மொழிந்தது இதழியல் பாடம் நடத்துகிற பெண். தேவதானத்துக்காரர். கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஆண்டும் வேலை புதிதாகக் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் எல்லாரையும்விட வயதில் சிறியவர், வாயில் பெரியவர். நான் எழுதியதை வாசித்தார். பொது நிகழ்ச்சியில் நிருபர்களை அடைத்து வைத்ததையும், கேள்வி கேட்ட நிருபரைக் காயப்படுத்தி அட்டையைப் பறித்ததையும், தலைவர் பத்திரிகைகளைத் தொடர்ந்து தவிர்ப்பதையும் இம்மன்றம் கண்டிக்கிறது.

வணிகவியல் பேராசிரியர் முதலில் நாற்காலியை முன்னால் இழுத்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் தெலுங்கு எட்டிப் பார்க்கும். "ஏமண்டி, நாம என்ன கட்சியா? ஆய்வு மன்றம். ஆய்வு செய்வோம். கண்டிக்கிறது நம்ம வேலையா?"

"கட்சியா இருந்தா பேச முடியாது சார். இல்லாததுனாலதான் பேசலாம்" என்றார் அந்தப் பெண்.

"முன்னாடி இருந்தவரு மட்டும் என்னவாம்? பத்திரிகைக்காரனைக் கண்டா கார் கண்ணாடியை ஏத்துவாரு. அப்ப எங்க போனீங்க?"

"அப்ப நான் பள்ளிக்கூடம் போனேன் சார். நீங்க எங்க போனீங்க?"

சிரித்தார்கள். வணிகவியலும் சிரித்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. சிரிக்கிற கூட்டம் டீக்குப் போகாது என்று ஒரு எண்ணம்.

அப்போது அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "அடுத்த மாசம் நம்ம கட்டடத்துக்கு அவிய வந்து அடிக்கல் நாட்டுறாவ. தேதி குடுத்தாச்சு. வாங்கன்னு கூப்பிட்டுப்போட்டு, வாரதுக்கு முன்னாடி ஏசுனா நல்லா இருக்குமா? எனக்கொண்ணும் இல்ல. நீங்களே சொல்லுங்க."

மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் என்பது அண்ணாச்சி பல வருடமாகக் கண்டுகொண்டிருந்த கனவு. ராஜபாளையத்துக்கு வெளியே, அய்யனார் கோவிலுக்குப் போகிற திசையில் ஒரு இடம் கிடைத்திருந்தது. நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு தினமும் அங்கே போய்க் கருவேலமுள்ளைப் பார்த்துவிட்டு வருவார். எந்தப் பக்கம் சன்னல் வைத்தால் மலை தெரியும் என்று எனக்குக் காட்டியிருக்கிறார்.

பொருளியல் ஐயா ஒருவர் உண்டு. காதில் மிஷின் வைத்திருப்பவர், சண்டை முற்றினால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அவர் அதைக் கழற்றாமலே கேட்டார். "கண்டிக்கட்டும். நான் வேண்டாங்கல. ஆனா ஒரு சந்தேகம். அந்தப் பையனை நாம என்னைக்காவது இந்த மாடிக்கு விட்டிருக்கமா? அவிய மூங்கில் கட்டுனாவ. நாம படிக்கட்டை வச்சிருக்கோம். எம்புட்டு வித்தியாசம்?"

நான் சன்னல் பக்கம் நடந்தேன். கீழே அவன் பாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் எழுந்து கதவுப் பக்கம் போனார். "சரிங்கய்யா. நீங்க சொல்றது நியாயம். இன்னைக்கு விடுவோம். கூப்பிடவா? கீழதான் உக்காந்திருக்கான். அவன் முகத்தைப் பாத்துக்கிட்டே முடிவு பண்ணுவோம்."

இருபது பேர் இருந்திருப்போம். ஒருவரும் கூப்பிடு என்று சொல்லவில்லை. கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சிதான், "வேண்டாம்மா. பழக்கத்தை மாத்த வேண்டாம்" என்றார். எங்கள் எல்லாருடைய மூச்சும் அவர் வாயிலிருந்து வெளியே போன மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வெட்டு ஆரம்பித்தது. கையில் பேனாவோடு நான்தான் வெட்டினேன். கண்டிக்கிறது என்பது கடுமை என்றார்கள், வருந்துகிறது என்று போட்டேன். வருந்துவதற்கு நாம் என்ன உறவுக்காரர்களா என்று ஒருவர் கேட்டார், கவனத்தில் கொள்கிறது என்று மாற்றினேன். தலைவர் என்ற சொல் போனது. ராஜபாளையம் போனது. காயம் போனது, அட்டை போனது. "சார் எழுதுனா கண்டனம்கூடத் தாலாட்டு மாதிரி இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். ஒவ்வொரு சொல்லைக் கொடுக்கும்போதும் ஒரு ஆளை நாற்காலியில் உட்காரவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சொல் போனது. ஆளும் போனார்.

கடைசியில் காகிதத்தில் மிஞ்சியது இதுதான்: பொது நிகழ்ச்சிகளில் செய்தியாளர்களுக்கு உரிய இடம் ஒதுக்குவது நல்லது.

அந்த நல்லது என்ற சொல்லை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மருந்துக் கடையில் கொடுக்கிற டானிக் பாட்டிலில் எழுதியிருக்கும் வாக்கியம் மாதிரி இருந்தது. ஆனால் அதுகூட அவனுக்குப் போதும். ஒரு வரி. மதுரைக்குச் சொல்ல ஒரு வரி.

அதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் தொடங்கியிருந்தது. வணிகவியல் எழுந்து, "ஒரு டீ" என்றார். அவர் பின்னால் இரண்டு பேர். தாவரவியல், இயற்பியல். ஒருவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ போன் பேச வேண்டும் என்பதுபோல. ஒருவர் நாற்காலியில் தன் துண்டைப் போட்டுவிட்டுப் போனார், பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி. அதைத் திரும்பி வருவதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

சன்னலில் நின்று பார்த்தேன். டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொருவர் இறங்கும்போதும் அவன் முகம் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. அவனுக்குத்தான் இந்த மொழி தெரியுமே. முதலில் வந்தவரைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு வந்தவர்களுக்கு நகர்ந்து இடம் கொடுத்தான். இன்னும் நகர்ந்தான். கடைசியில் பெஞ்சின் ஓரத்தில், ஒரு கால் தரையில் ஊன்றியபடி இருந்தான். எல்லாரும் மலையைப் பார்த்துக்கொண்டு மழை வருமா வராதா என்று பேசினார்கள். அவன் நெற்றிக் கட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எத்தனை சிரமப்பட்டிருப்பார்கள்.

மேலே நாங்கள் ஐந்து பேர் மிஞ்சினோம். நான், அந்தப் பெண், பொருளியல் ஐயா, அண்ணாச்சி, அப்புறம் விலங்கியல்காரர். மலையின் சாம்பல் அணில்களைப் பற்றி மட்டுமே பேசுகிறவர், மனிதர்களைப் பற்றிய தீர்மானம் வந்தால் தூங்கிவிடுவார். அன்றும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரும் நாற்காலியில் இருப்பவர்தான், அது எங்கள் பழைய வழக்கு. பொருளியல் ஐயா கேள்வி கேட்டாரே தவிர எழுந்து போகவில்லை. "நம்ம முதுகுல அழுக்கு இருந்தா அவிய முதுகைச் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லலையே" என்றார்.

ஐந்து பேர். போதும். கை தட்டினால் முடிந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அவர் கை ஏற்கனவே பாதி உயர்ந்திருந்தது, தட்டுவதற்கு. எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். மன்றத் தலைவர்தான் முதலில் தட்ட வேண்டும்.

அண்ணாச்சி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகளை நாற்காலியில் ஊன்றினார். அவர் எழுந்திருக்கும்போது முட்டி சொடுக்கும், அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

"செத்த நேரம்…" என்றார். "தொண்டை வறண்டு கெடக்கு."

"அண்ணாச்சி, தண்ணி இந்தா இருக்கு" என்று அந்தப் பெண் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார்.

அண்ணாச்சி பாட்டிலைப் பார்த்தார். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன், கை கொஞ்சம் முன்னால் வந்தது.

"டீதாம்மா குடிக்கணும் போல இருக்கு" என்றார்.

படி இறங்கினார். ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு.

தெருவில் அவர் தலை தெரிந்ததும் பெஞ்சிலிருந்தவர்களின் பேச்சு நின்றது. மன்றத் தலைவர் டீக்கு வந்ததில்லை. அவன் எழுந்து நின்றான். பிறகு தன் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "உக்காருங்கய்யா" என்றான். கடைக்குள் திரும்பி, மாடிக்குக் கேட்கும்படி தெளிவான குரலில் சொன்னான்: "பாய், அய்யாவுக்குச் சீனி போட்ராதிய. அவருக்கு ஆகாது."

எனக்குப் பின்னால் அந்தப் பெண் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திருகிக்கொண்டே இருந்தார். பொருளியல் ஐயா காது மிஷினைக் கழற்றினார்.

நான் கீழே போனபோது அண்ணாச்சி கிளாஸைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. அவனைப் பார்க்காமல், "ஒத்தி வச்சிருக்கோம்ப்பா. பொறவு பாப்போம்" என்றார்.

"சரிங்கய்யா."

"நீ மனசுல வச்சுக்காத."

"இல்லங்கய்யா. டீ ஆறுது, குடிங்க."

அவன் போன் அடித்தது. மதுரை. எங்களை விட்டு விலகிப் போய்ப் பேசவில்லை. அங்கேயே, எங்கள் நடுவிலேயே நின்று பேசினான். "சார்… ஆமா சார், கூட்டம் முடிஞ்சிருச்சு… இல்ல சார், எதிர்ப்புன்னு ஒண்ணும் இல்ல. யாருமே எதிர்க்கல. எல்லாரும் டீ குடிக்கிறாங்க சார்… ஆமா. நம்ம அய்யாவும்தான்… சரி சார். தெரியுது சார்."

அது கேலியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நிருபர் பார்த்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வணிகவியல் பேராசிரியர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பைக்கை எடுக்கும்போது நான் அவன் தோளைத் தொட்டேன். என் பையில் முதலில் எழுதிய பக்கம், வெட்டாத பக்கம், மடித்தபடி இருந்தது. அதை அவனிடம் கொடுக்கலாமா என்று நினைத்தேன். அது ஒரு ஆளின் காகிதம். மன்றத்தின் காகிதம் இல்லாமல் அதற்கு மதுரையில் மதிப்பில்லை. அவனும் அதைப் புரிந்துகொண்டவன்போல், "நீங்க நல்லா எழுதியிருப்பிய சார்" என்றான். கான்சாபுரம் போகிற பாதையில் தூசி கிளம்பி அடங்கியது.

அட்டை திரும்ப வரவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்தான். வயலுக்குத் தண்ணீர் இல்லை, கண்மாய் அப்படியே உடைந்து கிடந்தது. பிறகு சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் ஷிப்டுக்குப் போகிறான் என்று யாரோ சொன்னார்கள். ஒருமுறை போனில் பேசினேன். பின்னால் தறிச் சத்தம். "என்ன சார் சொல்றிய? கேக்கல சார். இங்க ஒண்ணுமே கேக்காது" என்று கத்தினான். நான் சொல்ல வந்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. வைத்துவிட்டேன்.

அடிக்கல் நாட்டத் தலைவர் வந்தார். கருவேலமுள்ளை வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். மன்றத்து ஆட்களுக்கு என்று தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். மூங்கில் தடுப்புக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். அண்ணாச்சிக்கு மட்டும் மேடையில் ஏற அட்டை கொடுத்தார்கள். வரவேற்புரையை அவர் ஒரு வாரமாகத் தயாரித்திருந்தார். படியில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் அவர் காதில் ஏதோ சொல்ல, பேச்சைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பொன்னாடையை மட்டும் போர்த்தினார். படம் எடுத்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அவர் முகம் தெரியவில்லை. மலை தெரிந்தது. அவர் சொன்ன சன்னலின் திசை சரிதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் முறை மறுபடி வந்தது. அந்தப் பெண் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. போன் செய்து கேட்டேன். "நான் டீக்குப் போயிருக்கேன் சார். இன்னும் குடிச்சு முடிக்கல" என்றார்.

கட்டுரை வாசித்தார்கள். பால்கோவா வாசனை வந்தது. விலங்கியல்காரர் தூங்கினார். கடைசியில் அண்ணாச்சி ஒரு தீர்மானம் என்றார். அடிக்கல் நாட்டித் தந்த தலைவருக்கு மன்றம் நன்றி தெரிவிக்கிறது. குரலில் உயிரில்லை, சந்தைக்கு எழுதிக் கொடுத்த சாமான் பட்டியலை வாசிக்கிற மாதிரி வாசித்தார். யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள், என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று படியிறங்கும்போது யோசித்தேன். ஆமாம், நான் எழுந்துவிட்டேன். "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை. அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. கூட வரட்டுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

பெஞ்ச் காலியாக இருந்தது. அவன் உட்காரும் ஓரத்தில் ஒரு பூனை படுத்திருந்தது.

"என்ன சார், நீங்க மட்டும் வந்திருக்கிய?" என்றார் பாய்.

"ஆமா பாய். ஒரு டீ."

"மத்தவங்க வரலையா?"

"வரமாட்டாங்க."

பாய் டீயை ஆற்றினார். "அந்தத் தம்பி இருந்தா இந்நேரம் கேட்ருப்பான், என்ன சார் விசேஷம், உங்களுக்கு இஷ்டமில்லையான்னு. எனக்கு அதெல்லாம் வெளங்காது. டீ போடத்தான் தெரியும்."

கிளாஸை வாங்கிக்கொண்டேன். மேலே கை தட்டுகிற சத்தம் கேட்டது. நல்ல தட்டு, சேர்ந்தாற்போல. தெருவில் போன ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போனார்.

"முடிஞ்சிருச்சு போல" என்றார் பாய்.

"முடிஞ்சிருச்சு."

பூனையை எழுப்பாமல் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து குடித்தேன். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. மேலே இப்போது ஒருமனதாக என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து வடை வாங்க வேண்டும், அது பழக்கம். எத்தனை வடை என்று பாய் கேட்டார். நான் கிளாஸைக் கீழே வைத்து, ஒரு டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு ராஜபாளையம் பஸ்ஸுக்கு நடந்தேன்.